பென்சிலுக்கு முன்னால்: எல்கேஜி, யுகேஜி பிள்ளையை வாசிக்க, எழுதத் தயார்படுத்தும் முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகளுக்கு அப்போது நாலேகால் வயது. எல்கேஜி. வீட்டுச் சுவரில் அ, ஆ படங்கள் போட்ட அட்டை ஒன்று தொங்கும். ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இ-ன்னு ஆரம்பிக்கிற வார்த்தை ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றேன்.

"இட்லி."

"அட்டையில என்ன போட்டிருக்கு?" என்று இலைப் படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அது எல பெரியம்மா. எ. எல, எலி."

அந்த வாரம்தான் இதே பதிலுக்குப் பள்ளி நோட்டில் சிவப்பு மையில் தப்பு வாங்கியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் காது கேட்டதைக் கேட்டபடி சொல்கிறது. நம் வீடுகளில் யாரும் 'இலை' என்று பேசுவதில்லை, 'எல' என்றுதான் சொல்கிறோம். வாசிப்புக்கு வேண்டிய முதல் திறமை, ஒரு சொல்லின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்பது. அது அவளிடம் வந்துவிட்டது. தப்பு போட்டதால் அவள் கற்றுக்கொண்டது, 'என் காதை நம்பக் கூடாது' என்பதைத்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஜூன் மாதம் வரும் பிள்ளைகளில் இரண்டு வகை பார்த்திருக்கிறேன். ஒரு வகை, நோட்டு நோட்டாக அ, ஆ எழுதிவிட்டு வரும்; 'கல்' என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியாது. இன்னொரு வகைக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் தெரியாது. ஆனால் கதை சொல்லும், விடுகதை போடும், மண்ணில் கோடு இழுக்கும். தீபாவளி வருவதற்குள் இரண்டாவது வகை முன்னால் போய்விடும். அதனால் நான் பெற்றோரிடம் சொல்லும் வரிசை இது: முதலில் வாய், பிறகு காது, பிறகு விரல், கண். பென்சில் கடைசியில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த வயதில் தொடங்குவது

தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எல்கேஜி, யுகேஜி. ஒரு காலத்தில் இது தனியார் பள்ளிச் சமாச்சாரமாக இருந்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களிலும் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உங்கள் பிள்ளை எங்கே படித்தாலும், வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். மூன்று வயதிலிருந்து பேச்சும் ஒலி விளையாட்டும், மூன்றரையிலிருந்து விரல் வேலை, நாலு வயதுக்குப் பிறகு எழுத்து அறிமுகம், நாலரைக்கு மேல் பென்சில். ஆறு மாதம் முன்னே பின்னே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

முதல் படி: வாய்

நிறையப் பேசிய பிள்ளைதான் நன்றாக வாசிக்கும். எழுத்துக்கூட்டி 'கிணறு' என்று வாசித்தாலும், கிணறு என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைக்கு அது வெறும் சத்தம்.

இதற்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையோடு சொல்லைச் சேர்த்தால் போதும். "அத எடு, இத அங்க வை" என்பதற்குப் பதிலாக, "அந்த நசுங்கின அலுமினியத் தட்டை எடுத்து அடுப்பு மேடையில வை" என்று சொல்லுங்கள். நசுங்கின, அலுமினியம், மேடை என்று மூன்று சொற்கள் ஒரே வாக்கியத்தில் போய்ச் சேருகின்றன. மாவு புளிப்பது, பால் பொங்குவது, கடுகு வெடிப்பது, துணி சாயம் போவது, பூட்டு துருப்பிடிப்பது என்று வீட்டில் வினைச்சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

ராத்திரி படுக்கும்போது, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "டிபன் பாக்ஸை யார் தொறந்து குடுத்தா? அப்புறம்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில், அப்புறம், கடைசியில் என்று வரிசையாகச் சொல்லப் பழகும் பிள்ளை, நாளைக்குக் கதையை வாசித்துப் புரிந்துகொள்ளவும் அந்த வரிசையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

மழலையை ரசியுங்கள், ஆனால் நீங்களும் மழலை பேசாதீர்கள். ழ, ற எல்லாம் பல பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் வரும். 'வாயப்பயம்' என்று சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். "ஆமா, வாழப்பழம் வேணுமா?" என்று சரியான உச்சரிப்பில் திருப்பிச் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: காது

இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான்.

சொல் என்பது துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்று பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. 'தக்காளி' அதற்கு ஒரு சிவப்பான பொருள், அவ்வளவுதான். அந்தப் பொருளை மறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படி. புத்தகம், பென்சில் எதுவும் வேண்டாம்.

கைதட்டலில் தொடங்குங்கள். காய்கறி நறுக்கும்போது ஒவ்வொரு காயின் பெயருக்கும் தட்டச் சொல்லுங்கள். தக்-கா-ளி, மூன்று தட்டு. வெண்-டக்-கா, மூன்று. மு-ருங்-கக்-கா, நாலு. வீட்டில் எல்லார் பெயருக்கும் தட்டலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 'தக்காளி' எழுத்தில் நாலு, தட்டில் மூன்று. இந்தக் கட்டத்தில் எழுத்துக் கணக்கைக் கொண்டுவந்து பிள்ளையைக் குழப்ப வேண்டாம். காது சொல்வதே சரி.

அடுத்து முதல் ஒலி. "ப-ன்னு ஆரம்பிக்கிற சாமான் இந்த அடுப்படியில என்னென்ன இருக்கு?" பருப்பு, பட்டாணி, பட்டை. 'பால்' என்று பிள்ளை சொன்னால் அதுவும் நல்ல பதில்தான்; "பால், பா... பாகற்காய், பாத்திரம்" என்று அங்கிருந்து தொடருங்கள். ப-வும் பா-வும் பிள்ளையின் காதுக்கு வேறு வேறு. பின்னால் குறில், நெடில் சொல்லித்தரும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கும்.

பிறகு ஒத்து ஒலிக்கும் சொற்கள். சட்டை, கட்டை, முட்டை, மூட்டை. அண்டா, குண்டா. அர்த்தமில்லாத சொல்லைப் பிள்ளை சேர்த்தாலும் சிரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். 'பிட்டை' என்று ஒன்று இல்லாவிட்டாலும் அதன் காது சரியாக வேலை செய்திருக்கிறது. நம் தாலாட்டிலும் விடுகதையிலும் மோனையும் எதுகையும் கொட்டிக் கிடக்கின்றன. முதல் எழுத்து ஒன்றிவருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. இன்றைக்கு வாசிப்பு ஆய்வாளர்கள் 'ஒலி உணர்வு' என்று சொல்லும் பயிற்சியைப் பாட்டிமார்கள் தொட்டிலில் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். பாட்டி பாடுகிற வீட்டில் அலைபேசியில் பாட்டுப் போட வேண்டிய தேவையே இல்லை.

நாலரை வயதுக்குப் பிறகு எடுத்துப் போடும் விளையாட்டு. "மாம்பழத்துல மாம்-ஐ எடுத்துட்டா?" "பழம்." "தலகாணியில தல-யை எடுத்துட்டா?" "காணி." இது வந்துவிட்டால், எழுத்துக்கூட்டி வாசிக்கக் காது தயார்.

இப்போது அந்த 'எல' விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுத் தமிழில் இ, உ என்று தொடங்கும் பல சொற்கள் எ, ஒ ஆகிவிடுகின்றன. இலை 'எல' ஆகிறது. இடம் 'எடம்', உடம்பு 'ஒடம்பு', உலக்கை 'ஒலக்கை', உரல் 'ஒரல்'. அட்டைகளில் இ-க்கு இலையும் உ-வுக்கு உரலும் போட்டிருப்பதால்தான் சிக்கல். வீட்டுக்கு நீங்களே ஓர் அட்டை செய்யுங்கள். இ-க்கு இட்லி, இஞ்சி. உ-வுக்கு உப்பு, உண்டியல். எ-க்கு எலி, எறும்பு. ஒ-வுக்கு ஒட்டகம். பேச்சிலும் எழுத்திலும் முதல் ஒலி மாறாத சொற்கள் இவை. 'எல' என்று பிள்ளை சொன்னால், "நாம எல-ன்னு சொல்றோம், புத்தகத்துல இலை-ன்னு எழுதுவாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பதை நாலு வயதுப் பிள்ளை நாம் நினைப்பதைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாம் படி: விரல்

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. நாலு வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எல்லாம் கெட்டிப்பட்டு முடிய பத்து வயதுக்கு மேல் ஆகலாம். மூன்று வயதுப் பிள்ளை கிரேயானை முழுக் கையால் பற்றுவதும், நாலு விரலால் பிடிப்பதும் இயல்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த பிடி நாலுக்கும் ஆறுக்கும் நடுவில்தான் படியும். இதைத் தெரிந்துகொண்டால் "ஒழுங்காப் பிடி" என்று கையில் அடிக்க மனம் வராது.

விரலுக்குப் பலம் வர அடுப்படியே போதும். கறிவேப்பிலை உருவச் சொல்லுங்கள். பச்சைப் பட்டாணி, வேர்க்கடலை உரிக்கட்டும். பூண்டுத் தோல் உரிப்பது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நல்ல வேலை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்தால் உருட்டி, தட்டி, பிய்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். துணி காயப்போடும்போது கிளிப் போடும் வேலையைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். சோழியோ புளியங்கொட்டையோ இருந்தால் பல்லாங்குழி ஆடலாம். ஒவ்வொன்றாக விரலால் எடுத்துக் குழியில் போடும் அந்த அசைவுதான் பின்னாளில் பென்சிலைப் பிடிக்கும். மூக்குக்குள் காதுக்குள் போட்டுக்கொள்ளும் வயது என்பதால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

காலையில் வாசலில் கோலம் போடும்போது கடைசி ஓரத்தில் நாலு புள்ளி வைத்து, "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இழு" என்று விடுங்கள். ஆண் பிள்ளையையும்தான். நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைவு, சுழி எல்லாம் கோலத்தில் இருக்கின்றன. தமிழ் எழுத்திலும் இருப்பவை இவையே.

கிரேயான் கொடுக்கும்போது முழுசாகக் கொடுக்காமல் ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டை முழுக் கையால் பிடிக்க முடியாது; விரல் நுனிகள் தாமாகச் சேரும். சொல்லிக்கொடுக்காமலே பிடி திருந்தும் வழி இது. தாளைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு வரையச் சொல்வதும் நல்லது. கை மேலே தூக்கியிருப்பதால் தோளும் மணிக்கட்டும் உரம் பெறும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் அரசுப் பள்ளி வகுப்பறைகளின் சுவரில், தரையை ஒட்டி, பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். வீட்டில் ஒரு சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் அதே பலன் கிடைக்கும்.

நான்காம் படி: கண்ணும் புத்தகமும்

தினம் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். தூங்கப் போகும் நேரம் தோதானது. படம் பெரிதாக, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ள புத்தகமாக இருக்கட்டும். ஒரே புத்தகத்தை இருபது நாள் கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். மனப்பாடமான வரியை விரல் வைத்து 'வாசிக்கும்' பிள்ளை ஏமாற்றுகிறது என்று நினைக்காதீர்கள்; வாசிப்பு தொடங்கும் இடமே அதுதான்.

எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசியுங்கள். 'போய்விட்டான்' என்றிருந்தால் அப்படியே. பிறகு உங்கள் பேச்சில் விளக்குங்கள். எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம் வேற்றுமொழி போல இருக்கும். அந்த இடைவெளியை இந்தப் பத்து நிமிடம் நிரப்பும். வாசிக்கும்போது எல்லா வரிக்கும் இல்லாவிட்டாலும் சில வரிகளுக்கு அடியில் விரலை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள்.

புத்தகம் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேளுங்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று பெரிய பகுதியே இருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் படக்கதைகள் இலவசம். வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையில் தொடங்குங்கள்.

தெருவும் ஒரு புத்தகம்தான். பேருந்தின் ஊர்ப் பலகை, கடைப் பலகை, பால் பாக்கெட். "நம்ம ஊர் பஸ் எது, எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடி" என்று பேருந்து நிலையத்தில் விட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதுமே பெற்றோருக்கு மலைப்பாக இருக்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இந்த 216-ஐ மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. கால், கொம்பு, விலங்கு என்ற குறிகளின் சூத்திரம் பிடிபட்டால் தானாக விரியும். அந்தச் சூத்திரம் ஒன்றாம் வகுப்பு வேலை. ஒன்றாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு, என் கணிப்பில், இவ்வளவு தெரிந்தால் நிறைவு: தன் பெயர், உயிர் எழுத்துகளைப் பார்த்தால் அடையாளம், க ச ட த ப ம போன்ற பத்துப் பன்னிரண்டு அகர எழுத்து, அதில் நாலைந்துக்குப் புள்ளி வைத்த வடிவம், துணைக்கால். இதைக் கொண்டு இருபது முப்பது சொல் வாசித்துவிடும்.

முதலில் பிள்ளையின் பெயர். பெயரில் கடினமான எழுத்து இருந்தாலும் பரவாயில்லை. தட்டில், பையில், அலமாரியில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து ட, ப, ம. 'அ'-வில் தொடங்காதீர்கள். அ எழுத எத்தனை வளைவு, எத்தனை திருப்பம் என்று நீங்களே ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். ட என்பது ஒரு நின்ற கோடு, ஒரு படுத்த கோடு. அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் ப. ஏறிய கோட்டை உள்ளே வளைத்தால் ம. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. அதோடு இந்த மூன்றை வைத்து உடனே சொல் வாசிக்கலாம்: படம், மடம், பட்டம். பிறகு க, ல, ர சேர்த்தால் கல், பல், மரம், கடல், பகல், கப்பல், கட்டம். 'கப்பல்' என்று தானே வாசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, வெறும் எழுத்தை வரிசையாக ஒப்பிக்க வைக்கத் தோன்றாது. உயிர் எழுத்து வரிசையைப் பாட்டாகச் சொல்லட்டும், படத்தோடு அடையாளம் தெரியட்டும். எழுத வைப்பது பின்னால் போதும். ங, ஞ இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, எழுத்தின் பெயர். தாத்தா 'கானா, லானா' என்று சொல்லித்தருவார். பிள்ளை 'கல்'லைப் பார்த்துக் குழம்பும். க-வை க என்றே சொல்லுங்கள்.

இரண்டாவது, புள்ளி எழுத்து. இக், இங், இச் என்று ஒப்பிக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. அப்படிப் படித்த பிள்ளை 'படம்' என்பதை "ப-ட-இம்" என்று வாசிக்கும். வருஷா வருஷம் என் வகுப்பில் ஏழெட்டுப் பேராவது இதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்லித்தராமல் சொல்லுக்குள்ளேயே காட்டுங்கள். "ப... ட... ம்ம்ம்" என்று வாயை மூடி இழுத்துக் காட்டினால் புள்ளியின் வேலை புரிந்துவிடும். முதலில் ம், ல், ன் போன்று இழுக்க வரும் ஒலிகள்; பட்டம், பக்கம் அதற்குப் பிறகு.

மூன்றாவது, ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி. பல்லுக்கும் ப, பஸ்ஸுக்கும் ப. காது கூர்மையான பிள்ளை, "ரெண்டும் வேற சத்தமாச்சே" என்று கேட்கும். "இந்த எழுத்துக்கு ரெண்டு குரல் இருக்கு" என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி எழுத்துச் சொல்லித்தரும் வீடுகளுக்கு இன்னொன்று. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை எழுத்துகளை யானைத் துதிக்கை போலச் சுழித்து எழுதுவார்கள். ணா, றா, னாவும் வேறு மாதிரி இருக்கும். பிள்ளையின் புத்தகத்தை அவர்களிடம் ஒருமுறை காட்டி, இந்த வடிவத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவதோடு நிறுத்தாமல் விரலுக்கும் கொடுங்கள். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஒரு தாள் வாங்கி, எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு ஒலியைச் சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி வகுத்த முறை இது; அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உப்புத்தாள் கிடைக்காவிட்டால் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுதலாம். விஜயதசமி அன்று அரிசியிலோ நெல்லிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை ஒருநாள் சடங்கோடு நிறுத்தாமல் மூன்று மாதம் தொடருங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில்தான் தொடங்கினார்கள். ரவையில் தப்பாக எழுதினால் தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். தப்பு மிஞ்சி நிற்காது.

ஆறாம் படி: பென்சில்

பக்கத்து வீட்டில் ஒரு பையன். நாலு வயதுகூட முடியவில்லை. அவன் போன பள்ளியில் தினம் இரண்டு பக்கம் அ எழுதிவரச் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் போனபோது அடுப்படித் தரையில் குப்புறக் கிடந்து எழுதிக்கொண்டிருந்தான். பென்சிலை முழுக் கையால் பிடித்திருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து அடுத்த தாளிலும் அ பதிந்திருந்தது. நாலாவது வரிக்கு மேல் அ, அ-வாகவே இல்லை. கண்ணீர் சொட்டிய இடத்தில் கோடு ஊறிக் கிடந்தது. அவன் அம்மாவுக்கும் அழுகை. நாளைக்கு மிஸ் திட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு. இரண்டு பக்கம் எழுதினால் கையெழுத்து வரும் என்பது உண்மையில்லை. முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு அந்தக் கை பழகியது தப்பான வடிவத்தைத்தான்.

அதனால் அளவு இது: ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். ஓர் எழுத்து, நாலைந்து முறை. "இதுல எது உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டு, அதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம். புள்ளி வைத்த எழுத்தின் மேல் எழுதும் பயிற்சி ஒன்றிரண்டு முறைக்கு உதவும்; நூறு முறை செய்தால் பிள்ளை புள்ளியைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது.

தாளுக்கு முன் சிலேட்டு. பலப்பம் உராயும் உணர்வு கைக்கு நல்லது, அழிப்பதும் சுலபம். பிள்ளை பலப்பத்தைத் தின்றுகொண்டே இருந்தால் வெறும் சேட்டை என்று விட்டுவிடாமல் ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

உட்காரும் விதம்: கால் தொங்கக் கூடாது. தரையில் சம்மணம் போட்டு முன்னால் பலகையோ மணையோ வைப்பது நாற்காலியைவிட நன்றாக இருக்கும். பென்சில் குட்டையாக இருக்கட்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றுக்குள் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து, "இதை விடாமப் புடிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். மீதி மூன்று விரலும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கும்.

எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பழக்குங்கள். எழுத்தின் அழகு பின்னால் வரும். திசை தப்பாகப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும்.

இடது கையால் எழுதும் பிள்ளையை மாற்றாதீர்கள். பாட்டி சொன்னாலும், பக்கத்து வீட்டார் சொன்னாலும். சாப்பிட வலது கையைப் பழக்குவது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கலாம். எழுதும் கை மூளையோடு சம்பந்தப்பட்டது. தாளை வலப்பக்கம் சாய்த்து வையுங்கள், வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வரட்டும், கொஞ்சம் மேலே தள்ளிப் பென்சிலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம்

பல பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் ஒரே மாதத்தில் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டில் நீங்கள் ஒன்றை முன்னால் நிறுத்தலாம். ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறமை தமிழில் வந்துவிட்டால் ஆங்கிலத்துக்கும் அதுவே உதவும். ஏ, பி, சி என்று பெயரைப் பாடுவதோடு அந்த எழுத்தின் ஒலியையும் சொல்லுங்கள். சின்ன எழுத்துகளைப் பெரிய எழுத்துகளோடு சேர்த்தே காட்டுங்கள், புத்தகத்தில் நிறைய வருவது சின்ன எழுத்துதான். சின்ன பி-யையும் சின்ன டி-யையும் மாற்றி எழுதினால் ஏழு வயது வரை கவலைப்பட வேண்டாம்.

பள்ளியோடு பேசுவது

வீட்டுப்பாடம் அதிகம் என்று தோன்றினால் மிஸ்ஸிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள்: "மிஸ், அவளால அஞ்சு நிமிஷத்துக்கு மேல எழுத முடியல. மூணு வரி நல்லா எழுதிக் குடுத்தா ஏத்துக்குவீங்களா?" பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பக்கம் நிறைய எழுதச் சொல்லும்படி பெற்றோர்களே கேட்பதால் கொடுக்கிறோம் என்று என்னிடம் சொன்ன ஆசிரியைகள் உண்டு. பள்ளி தேடும்போது, எத்தனை நோட்டு என்று கேட்பதற்குப் பதில், தினம் கதை சொல்வீர்களா, மண்ணிலோ மாவிலோ விளையாட விடுவீர்களா என்று கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

பள்ளி சேருமுன் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஒலி மங்கலாகத்தான் கேட்கும்; மக்கு என்று பெயர் வாங்கியவர்களில் அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பார்ப்பது, கூப்பிட்டால் பலமுறை திரும்பாதது, நாலு வயதிலும் பேசுவது வெளியாட்களுக்குப் பாதிகூடப் புரியாதது, இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, இவற்றில் எது இருந்தாலும் 'போகப் போகச் சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டிஇஐசி (மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்) என்று ஒரு மையம் இருக்கும். பேச்சு, கேட்பு, வளர்ச்சிப் பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்பிவைப்பார்கள்.

கடைசிப் படி: தன் சொல்லைத் தானே எழுதுவது

பத்துப் பதினைந்து எழுத்து தெரிந்ததும் பிள்ளைக்கு எழுத ஒரு காரணம் கொடுங்கள். கடைக்குப் போகும் பட்டியலில் ஒரு பொருளை எழுதட்டும். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு. தான் வரைந்த படத்துக்கு ஒரு பெயர். காதில் விழுந்தபடி எழுதும், பிழை இருக்கும், இருக்கட்டும். எழுத்து என்பது தான் சொல்ல நினைத்ததை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் நோட்டை நீட்ட வேண்டியதில்லை, அதுவே கேட்கும்.

தங்கை மகளுக்கு ஐந்து வயது முடியும் சமயம். நான் போயிருந்த ஒரு சாயங்காலம், அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சிலேட்டில் கோணலும் மாணலுமாக ஒரு வரி: 'தோச வேனும்'. யாரும் சொல்லித்தரவில்லை. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு அதைத் திருத்தப் போனாள். நான் தடுத்தேன். முதலில் கல்லைப் போட்டு ஒரு தோசை சுட்டுத் தட்டில் வைத்தோம். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வரியை அழிக்காமல், அதற்குக் கீழே 'தோசை வேண்டும்' என்று எழுதி வைத்தேன். வாயில் தோசையோடு இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பலப்பத்தை எடுத்தாள். தன் 'ச'-வுக்கு முன்னால் ஒரு சங்கிலிக் கொம்பை இழுத்துவிட்டு, "இன்னொண்ணு" என்று தட்டை நீட்டினாள்.